கட்டி என்றதும் கலங்க வேண்டாம். வலி என்றால் மறைக்கவும் வேண்டாம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உறுப்பினர்களுக்கான உடல்நல அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



1989-ஆம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கியபோது, வட்டிக்காரர் வாசலில் போய் நிற்கிற நிலைமை மாற வேண்டும் என்பது ஒரு பெரிய ஆசை. அந்த ஆசை பாதிக்கு மேல் நிறைவேறிவிட்டது என்று நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கும் ஒரு குடும்பத்தை ராத்திரியோடு ராத்திரியாக வட்டிக்காரரிடம் துரத்துவது எது? ஆஸ்பத்திரிச் செலவு. நம்ம கடன் பதிவேட்டில் ‘நோக்கம்’ என்ற இடத்தில் ‘மருத்துவம்’ என்று ஒற்றைச் சொல்லாக எழுதியிருக்கும். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை அழுகை இருக்கிறது என்று நமக்குத்தான் தெரியும்.

பெண்கள் வார்டில் செவிலியராகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். அங்கே அதிகமாகக் காதில் விழுந்த வார்த்தை, “கர்ப்பப்பையில கட்டியாம் சிஸ்டர்.” இதைச் சொல்லி வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருத்தி, காலையில் ஸ்கேனில் கட்டி என்று சொல்லியிருப்பார்கள், சாயங்காலத்துக்குள் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு ஆபரேஷனுக்குத் தயாராக நிற்பாள். இன்னொருத்தி, மாசாமாசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பாள், நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்று வாயே திறக்க மாட்டாள். முதல் ஆளுக்கு அவசரம் தேவையில்லை. இரண்டாவது ஆளுக்குத் தாமதம் ஆகாது. இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். கர்ப்பப்பை என்பது குழந்தை வளர்கிற பை. நம்ம கைமுட்டி அளவுக்கு இருக்கும். அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு சினைப்பைகள். ஒவ்வொன்றும் சுமார் 3 சென்டிமீட்டர், பெரிய நெல்லிக்காய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டை உண்டாவது அங்கேதான். நாம் பேசுகிற நீர்க்கட்டி பெரும்பாலும் இந்தச் சினைப்பையில் வருவது. கர்ப்பப்பையில் வருகிற சதைக்கட்டி, அதாவது ஃபைப்ராய்டு, வேறு கதை. நாம் எல்லாவற்றையும் சேர்த்து ‘கர்ப்பப்பைக் கட்டி’ என்று சொல்லிவிடுகிறோம். அதனால்தான் சினைப்பையில் சின்ன நீர்க்கட்டி என்றால்கூட, “கர்ப்பப்பையை எடுத்துடுங்க டாக்டர், தொல்லை விட்டுச்சு” என்று நம்ம ஆட்களே போய்க் கேட்கிறார்கள். கர்ப்பப்பையை எடுத்தாலும் சினைப்பை உள்ளே இருந்தால் அதில் கட்டி வரலாம். வலிக்கிற பல்லை விட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கின கதைதான்.

மாதவிலக்கு வருகிற வயதில், மாசாமாசம் சினைப்பையில் ஒரு சின்ன நீர்ப்பை வளரும். அதற்குள்தான் முட்டை இருக்கும். சுமார் 2 சென்டிமீட்டர் வந்ததும் அது உடைந்து முட்டை வெளியே வரும். இது இயற்கை. சில மாதம் அந்தப் பை உடையாமல் அப்படியே வளர்ந்துவிடும். அல்லது உடைந்த இடம் மறுபடி மூடி உள்ளே நீரோ ரத்தமோ சேரும். ஸ்கேனில் ‘சிம்பிள் சிஸ்ட்’, ‘ஹெமரேஜிக் சிஸ்ட்’ என்று எழுதுவது அதிகமாக இவற்றைத்தான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இது வரும். ஏனென்றால் அந்த ஆபரேஷனில் கட்டுவது குழாயைத்தான். சினைப்பை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

இந்த மாதிரி நீர்க்கட்டி, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தானாகவே வற்றிப்போகும். மருந்து கொடுத்துக் கரைத்தது மாதிரி தெரியும், ஆனால் அது தானாகப் போகிற கட்டி. கர்ப்பத்தடை மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் கரையுமா என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். சும்மா காத்திருந்ததை விட வேகமாகக் கரையவில்லை. இதைக் கரைக்கிறேன் என்று யாராவது பொடியோ லேகியமோ ஆயிரக்கணக்கில் விற்றால், அந்தக் காசில் இரண்டு கோழி வாங்கி வளருங்கள்.

ரிப்போர்ட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்

பாஸ்புக்கில் வரவு செலவு பார்க்கிற நமக்கு ஸ்கேன் ரிப்போர்ட் பார்ப்பது பெரிய விஷயம் இல்லை. முதலில் அளவைப் பாருங்கள். சிலர் மில்லிமீட்டரில் எழுதுவார்கள், சிலர் சென்டிமீட்டரில் எழுதுவார்கள். “42 இருக்குதாம்” என்று ஒரு தங்கச்சி மயங்கி விழாத குறை. 42 மில்லிமீட்டர் என்றால் 4.2 சென்டிமீட்டர், ஒரு எலுமிச்சம்பழம். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு, உள்ளே வெறும் தெளிந்த நீர் மட்டும் இருக்கிற, 5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிக்கு, வலியும் இல்லையென்றால் பொதுவாக எந்த வைத்தியமும் தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் டாக்டர் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுவார். அதற்குப் பெரிதாக இருந்தால், சுருங்காமல் நின்றால், தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். 7 சென்டிமீட்டரைத் தாண்டினால் கூடுதல் பரிசோதனையோ ஆபரேஷனோ தேவைப்படலாம்.

அடுத்து, கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீர் மட்டுமா, கெட்டியான பகுதி இருக்கிறதா, தடுப்புச் சுவர்கள் இருக்கின்றனவா? அளவை விட இது முக்கியம். மூன்றாவது, எந்தப் பக்கம், ஒன்றா இரண்டா. இந்த மூன்றையும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டை அரிசிப் பானைக்கு மூடியாக வைக்காமல் பத்திரப்படுத்துங்கள். கட்டி வளர்ந்ததா, சுருங்கியதா என்று சொல்ல அந்தப் பழைய காகிதம்தான் சாட்சி.

தானாகப் போகாத கட்டிகள்

எல்லாக் கட்டியும் தானாகப் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வகையைச் சொல்கிறேன்.

ஒன்று, டெர்மாய்டு. இளவயதுப் பெண்களுக்கு அதிகம் வரும். வெட்டிப் பார்த்தால் உள்ளே முடி இருக்கும், கொழுப்பு இருக்கும், சில நேரம் பல்கூட இருக்கும். இதைக் கேட்டதும், “யாரோ செய்வினை வச்சுட்டாங்க” என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சை நிறுத்துகிற குடும்பங்கள் உண்டு. அம்மா, செய்வினையும் இல்லை, மருந்து வைத்ததும் இல்லை. முட்டையாகிற உயிரணுவுக்குத் தோல், முடி, பல் எதுவாகவும் மாறுகிற சக்தி உண்டு. அது இடம் தவறி, முறை தவறி வளர்ந்ததுதான் இந்தக் கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. ஆனால் தானாகக் கரையாது.

இரண்டு, சாக்லேட் சிஸ்ட். கர்ப்பப்பையின் உள்பக்கம் இருக்க வேண்டிய சவ்வு மாதிரியே சினைப்பையிலும் வளர்ந்து, அங்கே ரத்தம் கசிந்து பழசாகித் தேங்கி, பழுப்பு நிறத்தில் இருப்பது. மாதவிலக்கின்போது தாங்க முடியாத வலி, தாம்பத்தியத்தில் வலி, கரு தங்கத் தாமதம், இவை இதன் அடையாளங்கள். ‘வயசுக்கு வந்தா வலிக்கத்தான் செய்யும், நாங்க எல்லாம் பொறுத்துக்கல?’ என்று சொல்லிச் சொல்லியே இதை வருஷக்கணக்கில் மறைத்துவிடுகிறோம். கொஞ்சம் வலி எல்லாருக்கும் உண்டு. வேலைக்குப் போக முடியாத, பள்ளிக்கூடம் போக முடியாத வலி சாதாரணம் இல்லை. அதைப் பார்க்க வேண்டும்.

மூன்று, சினைப்பையின் மேல்தோலிலிருந்து வளர்கிற நீர்ப்பைகளும் சளிப்பைகளும். இவை வயிறு முழுக்கப் பெரிதாக வளரக்கூடியவை. மாசமாக இருக்கிறாள் என்று ஊரே நினைக்கிற அளவுக்கு வளரும். 1809-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேன் கிராஃபோர்டு என்ற பெண்ணுக்கு அப்படித்தான் நினைத்தார்கள். எஃப்ரைம் மெக்டவல் என்ற டாக்டர் பார்த்து, இது பிள்ளை இல்லை, சினைப்பைக் கட்டி என்றார். அந்தம்மா குதிரையில் ஏறி சுமார் 60 மைல் போய் ஆபரேஷன் செய்துகொண்டார். மயக்க மருந்தே கண்டுபிடிக்காத காலம். எடுத்த கட்டி சுமார் 10 கிலோ. அதன்பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். இன்றைக்கு நமக்கு மயக்க மருந்து இருக்கிறது, வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்கிற லேப்ராஸ்கோப்பி இருக்கிறது. தேவையான ஆபரேஷனுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கதை.

பி.சி.ஓ.டி. என்றால்

இப்போது வயதுக்கு வந்த பிள்ளைகளை வைத்திருக்கிற அம்மாக்கள் கவனிக்க வேண்டும். பி.சி.ஓ.டி., பி.சி.ஓ.எஸ். என்று சொல்வதும் ‘நீர்க்கட்டி’ என்றே ஊரில் பேசப்படுகிறது. ஆனால் அது மேலே சொன்ன கட்டி இல்லை. முழுசாக வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள் அவை, மிளகும் பட்டாணியும் மாதிரி. அவற்றை வெட்டி எடுக்க வேண்டியதில்லை. கோளாறு ஹார்மோனில். மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி, பரு, உடல் எடை, கழுத்தில் கறுப்பு, இவை அடையாளங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்குப்படி, பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண்களில் பத்துப் பேருக்கு ஒருவர் அளவில் இது இருக்கிறது. நம்ம குழுவுக்கு ஒருத்தருக்காவது இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயதுக்கு வந்து எட்டு வருஷத்துக்குள் இருக்கிற பிள்ளைக்கு, ஸ்கேனை மட்டும் வைத்து இந்த நோய் என்று முடிவு கட்டக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. அந்த வயதில் சினைப்பை இயல்பாகவே அப்படித் தெரியும். ஆகவே பதினைந்து வயதுப் பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “இவளுக்குப் பிள்ளை பிறக்காது” என்று யாரும் வாய் விட வேண்டாம். இந்தப் பிரச்சினை இருந்தும் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். “சீக்கிரம் கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்” என்பதும் வைத்தியம் இல்லை. எடை கூடியிருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வரும். 70 கிலோ இருந்தால் நாலு கிலோ குறைத்தாலே பலன் தெரியத் தொடங்கும். தினமும் வேகமாக நடப்பது, சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயும் பயறும் முட்டையும் கூட்டுவது, பாட்டில் ஜூஸையும் பாக்கெட் தீனியையும் நிறுத்துவது. இவர்களுக்குச் சர்க்கரை நோய் வருகிற வாய்ப்பு அதிகம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிலக்கு வராமல் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உடனே ஓட வேண்டிய நேரம்

இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கட்டி பெரிதாக இருந்தால் சினைப்பை தன் காம்போடு முறுக்கிக்கொள்ளலாம். துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் திடீரென்று கொடுமையான வலி, கூடவே வாந்தி. இது சோடா குடித்து, ஓமத் தண்ணீர் குடித்து, விடியட்டும் என்று காத்திருக்கிற வலி இல்லை. சில மணி நேரத்தில் போனால் முறுக்கை அவிழ்த்துச் சினைப்பையைக் காப்பாற்றலாம். தாமதமானால் எடுக்க வேண்டியதாகிவிடும். கட்டி உடைந்து உள்ளே ரத்தம் கசிந்தால், தலைசுற்றல், மயக்கம், கைகால் சில்லிட்டு வியர்ப்பது வரும். வலியோடு காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிதான். நாள் தள்ளிப்போயிருந்து ஒரு பக்கம் வலித்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம், அதுவும் உயிர் போகிற விஷயம். இதில் எதற்கும் 108-ஐக் கூப்பிடுங்கள். கணவர் வரட்டும், மாமியார் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு

ஒரு வருஷமாக மாதவிலக்கு இல்லையென்றால் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு கட்டி என்றால், அதைக் கண்டிப்பாகப் பெண்கள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலானவை சாதாரணக் கட்டிதான். ஆனாலும் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டிய வயது அது. வயிறு தொடர்ந்து உப்புசமாக இருப்பது, நாலு கவளத்திலேயே வயிறு நிறைவது, அடிக்கடி சிறுநீர், அடிவயிற்று வலி, இவை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் ‘வாயு’ என்று விட்டுவிடாதீர்கள். நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் போய்க் காட்டுங்கள். சிஏ 125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதுவார்கள். அது கூடுதலாக வந்ததும் புற்றுநோய் என்று அழ வேண்டாம். சாக்லேட் சிஸ்ட், சதைக்கட்டி, வயிற்றில் காசநோய் இருந்தாலும் அது ஏறும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது, நம்ம மாதிரி ஏழைகளுக்கும் நல்ல சிகிச்சை வேண்டும் என்றுதான். சீக்கிரம் போகிறவருக்கு வழி இருக்கிறது.

ஆபரேஷன் என்று சொன்னால்

நிதானமாகக் கேள்வி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இப்போதே செய்ய வேண்டுமா, இரண்டு மாதம் காத்திருந்து பார்க்கலாமா? கட்டியை மட்டும் எடுப்பீர்களா, சினைப்பையையும் எடுப்பீர்களா? கர்ப்பப்பையையும் எடுக்கச் சொன்னால், ஏன்? எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? முப்பது, முப்பத்தைந்து வயதில் இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் அன்றைக்கே மாதவிலக்கு நின்ற உடம்பாகிவிடும். உடம்பு எரிச்சல், தூக்கமின்மை, எலும்பு தேய்மானம் எல்லாம் முன்கூட்டியே வரும். களை வெட்டுகிறவளுக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் எலும்புதான் சொத்து. அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். எந்த நல்ல டாக்டரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

காத்திருக்கிற காலத்தில் வலியைச் சமாளிக்க வெந்நீர்ப் பை வைக்கலாம். மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாய்க்கு வந்ததைக் கேட்டு வாங்காமல், எது, எத்தனை என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். தினசரி காலண்டரில் மாதவிலக்கு வந்த தேதியையும் வலி வந்த தேதியையும் குறித்து வையுங்கள். கட்டி பெரிது என்றால், பாரம் தூக்கலாமா, தாம்பத்தியம் வைத்துக்கொள்ளலாமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

நாலு காரியம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, ஆஸ்பத்திரிக்கு யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். பயந்திருக்கிறவள் காதில் டாக்டர் சொல்வது பாதிதான் விழும். மீதியைக் கேட்க இன்னொரு காது வேண்டும்.

இரண்டு, கடன் கேட்டு வந்தால், கொடுக்கிறதற்கு முன்னால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் வழி உண்டு. நம்ம சிகிச்சை அதில் வருமா என்று ஆஸ்பத்திரியில் இருக்கிற காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அட்டை இல்லாதவர்களுக்கு நோய் வருவதற்கு முன்னாலேயே வாங்கிக் கொடுங்கள். தேவைப்பட்டால் நம்ம குழுவின் உள்கடன் இருக்கிறது. அடகுக் கடை கடைசிப் படி.

மூன்று, ஒருத்தியின் வயிற்று வலியைத் தெருவில் பேச்சாக்காதீர்கள். பதிவேட்டில் ‘மருத்துவம்’ என்று எழுதினால் போதும். நம்பிக்கை இருந்தால்தான் அடுத்தவள் வாய் திறப்பாள்.

நான்கு, மாதத்தில் ஒரு கூட்டத்தில், சேமிப்பும் தவணையும் முடிந்தபிறகு, பத்து நிமிஷம் உடம்பைப் பற்றிப் பேசுங்கள். கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிடுங்கள், சந்தோஷமாக வருவார். சந்தேகம் என்றால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.

பத்து ரூபாய் இருபது ரூபாயாகச் சேர்த்து, வங்கி மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டவர்கள் நாம். டாக்டர் முன்னாலும் அதே தைரியத்தோடு உட்கார்ந்து, “எனக்கு என்ன கட்டி, எவ்வளவு பெரிது, என்ன செய்யணும்?” என்று கேளுங்கள்.